உள்ளிருந்து திறக்கிற கதவு

எங்கள் வீட்டுக் கொட்டகையில் இரண்டு கார்கள் நிற்கின்றன. ஒன்று கறுப்பு, மற்றது வெள்ளை. கம்பெனிப் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை. 'கறுப்பை எடு', 'வெள்ளையைத் துடை' என்றுதான் பேச்சு. கறுப்புக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு, அதாவது அறுபத்தாறு. வெள்ளைக்கு இன்னும் ஒரு வயது நிறையவில்லை.

கறுப்பைக் கிளப்புவது தனி வேலை. சோக்கை இழுத்து, காலால் இரண்டு மிதி மிதித்து, சாவியைத் திருகி, அது இருமி முடிக்கிற வரைக்கும் பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும். கிளம்பிவிட்டால் தெருவுக்கே தெரியும். வெள்ளையில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் கிளம்பியதா இல்லையா என்பது ஓட்டுகிறவனுக்கே தெரியாது. முதல் வாரத்தில், ஓடிக்கொண்டிருந்த வண்டியைக் கிளப்புவதாக நினைத்து இரண்டு தடவை அணைத்திருக்கிறேன். கறுப்பில் பின்னால் எடுக்கும்போது கழுத்தைத் திருப்பிப் பார்ப்பேன். வெள்ளை தானே கத்துகிறது. சுவர் வந்தாலும் கத்துகிறது, கோழி வந்தாலும் கத்துகிறது. வெள்ளையில் சத்தமில்லை, குலுக்கல் இல்லை, வியர்வை இல்லை. இவ்வளவு இல்லாமல் ஒரு வண்டியில் என்ன சுகம் என்பது என் கட்சி.

இந்த விஷயத்தில் என் மனைவியும் என் கட்சிதான் என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் சிவகாசியில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிற வேலை. கல்யாணமாகி மறு வருஷம் கறுப்பு இன்னொருவரிடமிருந்து கைமாறி என்னிடம் வந்தது. முதல் பயணத்துக்கு அவளைப் பின்சீட்டில் ராணி மாதிரி உட்காரவைத்து விருதுநகருக்கு ஓட்டிக்கொண்டு போனேன். கண்ணாடியில் பார்த்தால், மகாராணி ஒரு கையால் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். திரும்பி வரும்போதும் அப்படித்தான். அடுத்த நாற்பது வருஷமும் அப்படித்தான். இருக்கன்குடிக்குப் போனாலும், வெம்பக்கோட்டையில் அவள் அம்மா வீட்டுக்குப் போனாலும், கை கைப்பிடியில் இருக்கும். எவ்வளவு தூரமானாலும் கண் அயர மாட்டாள். என் ஓட்டுதல் மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். இதை வைத்து நாங்கள் போட்ட சண்டைக்கு அளவில்லை. "நான் என்ன லாரியா ஓட்டுதேன்?" என்று கேட்பேன். பதில் சொல்ல மாட்டாள். கையையும் எடுக்க மாட்டாள்.

இன்னொரு சண்டையும் உண்டு. இருபது வருஷத்துக்கு முன்னால், நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி கேட்டுக்கு வெளியே கறுப்பை நிறுத்தியிருந்தேன். லோடு ஏற்ற வந்த லாரி பின்னால் எடுக்கையில் கறுப்பின் இடது பின்கதவில் இடித்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கதவு திறக்காது. தகரத்தைத் தட்டி நிமிர்த்திப் பெயிண்ட் அடித்தேன், கதவு மட்டும் சிக்கிக்கொண்டே இருந்தது. "அந்தக் கதவச் சரி பண்ணுங்க" என்பாள். "மத்த மூணு கதவும் தொறக்குதுல்ல. ஒனக்கு எத்தன கதவு வேணும்?" என்பேன். தீபாவளி சீசன் முடிந்து கையில் கொஞ்சம் ஓய்வு வந்ததும் வருஷம் தவறாமல் அவள் இதைச் சொல்வாள், வருஷம் தவறாமல் நானும் அதையே சொல்வேன். இந்தக் கேலி எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

போன வருஷம் அவளுடைய இடது கண்ணில் மங்கல் வந்தது. அவளுக்குச் சர்க்கரை உண்டு. மதுரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் மூன்று ஊசி போட வேண்டும், நான்கு வாரத்துக்கு ஒன்று என்றார்கள். டாக்டர் ஒரு சின்னப் பெண். எங்கள் மகனைவிட வயது குறைவாக இருக்கும். "தேதி தவறக் கூடாது அய்யா. இனிமே போற பார்வையத்தான் தடுக்க முடியும். போனது திரும்பி வராது" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு இவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். நான்தான் தேதிகளை இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டேன்.

முதல் ஊசிக்குக் கறுப்பில் போய் நல்லபடியாக வந்தோம். இரண்டாவது ஊசியன்று கள்ளிக்குடி தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. மூடியைத் திறக்க முடியவில்லை. நான்கு வழிச் சாலையில் வெயிலில் அவளை நிறுத்திவைத்து, ஆறுகிற வரைக்கும் காத்திருந்து, பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஊற்றிப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் ஆபரேஷனுக்குப் போயிருந்தாள். ஊசி போட ஐந்து நாள் தள்ளிப்போயிற்று. டாக்டர் கோபமாகப் பேசவில்லை. பரிசோதனை அட்டையில் மேலிருந்து நான்காவது வரியைக் காட்டிப் படிக்கச் சொன்னாள். போன தடவை படித்த வரி அது. இந்தத் தடவை இவளால் முடியவில்லை. "அடுத்த ஊசி சரியா நாலாவது வாரம் போட்டாகணும்" என்று மட்டும் சொன்னாள். திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்குக் கறுப்பின் மேல் வெறுப்பாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதைத் திட்டினேன்.

பெங்களூரில் வேலை பார்க்கிற மகன் விஷயம் கேள்விப்பட்டு வந்தான். அப்போதுதான் அவன் தனக்கென்று வாங்கியிருந்த வெள்ளையை எங்களிடம் விட்டுவிட்டு, "அங்கன எனக்கு ஆபீஸ் வண்டி வருதுப்பா. அம்மாவ இதுலயே கூட்டிட்டுப் போங்க" என்றான். பிள்ளையை நினைத்து நெஞ்சு நிறைந்துவிட்டது. மறுநாள் விருதுநகருக்கு வெள்ளோட்டம் கிளம்பினோம். அவன் ஓட்டினான், நான் பக்கத்தில், அவள் பின்னால். ரயில்வே கேட் போட்டிருந்தது. நின்றோம். மகன் திரையில் எதையோ தடவித் தடவி எனக்குக் காட்டிக்கொண்டிருந்தான். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் பார்த்தால் அவள் முகமெல்லாம் வேர்த்து வழிகிறது. ஏசி ஓடுகிற வண்டியில் வேர்வை. சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து, சட்டைப் பையிலிருந்த மிட்டாயை எடுத்தேன். மகன் ஓடிப்போய் வெளியிலிருந்து கதவைத் திறந்தான். இறங்கி நின்றாள். மிட்டாயை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு, "நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, எதிரே வந்த ஆட்டோவை நிறுத்தி ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதோடு வெள்ளையில் ஏற மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். ஏன் என்று கேட்டால் ஒரு நாள் வாந்தி வருகிறது என்றாள், மறுநாள் குளிர்கிறது என்றாள், அதற்கு மறுநாள் அந்த வாசனை ஆகவில்லை என்றாள். மகன் பெங்களூருக்குத் திரும்பிப் போனான். எனக்கோ காரணம் பட்டென்று புரிந்துவிட்டது. கறுப்போடு நாற்பது வருஷம் வாழ்ந்தவள், அதை விட்டுவிட்டு இன்னொன்றில் ஏற மனசு வரவில்லை. பாவம், என்னைப் போலத்தான் அவளும் என்று உருகிப்போனேன். இப்படிப்பட்ட பெண்ணைக் கட்டிக்கொண்டதற்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆகவே வெள்ளையைக் கறுப்பாக்கப் பார்த்தேன். கறுப்பில் ஒட்டியிருந்த மாரியம்மன் படத்தை அலுங்காமல் பெயர்த்து வெள்ளையில் ஒட்டினேன். அவள் முதுகுக்கு வைத்துக்கொள்கிற பழைய தலையணையைக் கொண்டுவந்து பின்சீட்டில் வைத்தேன். இருக்கன்குடியில் வைத்து வெள்ளைக்கு ஒரு பூஜை போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றியது. அதைச் சொன்னதும் அவளும் சம்மதித்தாள். "நல்லதுதான். நீங்க வண்டிய எடுத்துட்டு முன்னால போங்க. நான் பஸ்ல வாரேன்."

அப்படியே நடந்தது. கோயில் வாசலில் நானும் வெள்ளையும் அரை மணி நேரம் காத்திருந்தோம். சாத்தூரிலிருந்து வந்த டவுன் பஸ்ஸிலிருந்து பூக்கூடையோடு இறங்கினாள். வெள்ளைக்குச் சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள், மாலை போட்டாள், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். நான் பழத்தை நசுக்கி வண்டியை முன்னால் எடுத்தபோது கையெடுத்துக் கும்பிட்டாள். பக்கத்தில் நின்ற ஓர் அம்மா, "புது வண்டியாக்கும். ஏறிக்கிடுங்க தாயி" என்றாள். "ஆமா, நல்ல வண்டி" என்று சொல்லிவிட்டு இவள் பஸ்ஸுக்குப் போனாள். வீட்டுக்கு நான் முதலில் வந்து சேர்ந்து, கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன்.

மூன்றாவது ஊசிக்கு இரண்டு நாள் இருந்தது. ஊசி போட்ட பிறகு பஸ்ஸில் வரக் கூடாது, தூசியும் கூட்டத்தில் முழங்கை இடியும் ஆகாது என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தாள். கறுப்பை மெக்கானிக்கிடம் காட்டினேன். "அண்ணாச்சி, ரேடியேட்டர் தாங்காது. புதுசு தேடிப் பிடிக்கணும். மதுரைக்கெல்லாம் எடுத்துட்டுப் போயிராதீக" என்றான். வந்து அவளிடம் சொன்னேன்.

"கறுப்புலயே மெதுவாப் போவோம்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒனக்குக் கண்ணு வேணுமா, அந்தத் தகர டப்பா வேணுமா?" என்று கத்தினேன். தெருவில் போனவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தத் தகர டப்பா மேல எனக்கு என்ன ஆசை? அது ஒங்க ஆசை. இந்த வெள்ள வண்டிக் கதவு உள்ளருந்து தொறக்கல. அதான்."

"தொறக்காம எப்பிடி இருக்கும்? நீ சரியா இழுத்திருக்க மாட்ட."

"நல்லாத்தான் இழுத்தேன். கெளம்பின கொஞ்ச தூரத்துலயே நாலு கதவும் டக்குனு பூட்டுச்சு. கேட்டுல நிக்கும்போது இழுத்துப் பாத்தேன். ரெண்டு கையாலயும் இழுத்தேன். தொறக்கல."

இவளுக்குக் காட்டிவிட வேண்டியதுதான் என்று விறுவிறுவென்று கொட்டகைக்குப் போனேன். அவளும் பின்னால் வந்தாள். வெள்ளையின் பின்சீட்டில் ஏறி, கதவை அடைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து 'இப்போ பார்' என்று சைகை காட்டிவிட்டுக் கைப்பிடியை இழுத்தேன். திறக்கவில்லை. மறுபடியும் இழுத்தேன். மறுபக்கம் நகர்ந்து அந்தக் கதவை இழுத்தேன். அதுவும் திறக்கவில்லை. கண்ணாடியை இறக்கலாமென்று பொத்தானை அழுத்தினால், வண்டி ஓடாததால் அதுவும் அசையவில்லை. உள்ளே புழுக்கமாக இருந்தது. உண்மையைச் சொல்வதானால், எனக்கு மூச்சு முட்டியது. அவள் வெளியே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. கிட்டே வந்து கதவைத் திறந்துவிட்டாள்.

"இப்பத் தெரிஞ்சுதா?" என்றாள்.

அவள் வெம்பக்கோட்டைப் பக்கம் மானாவாரி வெள்ளாமைக்காரர் வீட்டுப் பெண். மழை பொய்த்த வருஷங்களில் பட்டாசு வேலைக்குப் போகத் தொடங்கி, கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பதினொரு வருஷம் பட்டாசுச் சக்கரம் சுற்றிச் செய்கிற அறையில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த அறைகள் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அறைக்கு நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. நாலு பக்கமும் கதவு. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், தாழ்ப்பாள் இருக்கக் கூடாது, கதவுக்கு முன்னால் ஒரு செருப்புகூடக் கிடக்கக் கூடாது. உட்காருவதற்கு முன்னால் நாலு கதவையும் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்வார்கள். அவள் வேலைக்குப் போன மூன்றாவது வருஷம், அடுத்த அறையில் அவசர ஆர்டர் என்று ஒரு கதவை ஒட்டி அட்டைப் பெட்டிகளை அடுக்கிவைத்திருந்தார்கள். அன்றைக்குத் தீப்பிடித்தபோது அந்த அறையிலிருந்து மூன்று பேர் வெளியே வந்தார்கள். வராதவள் இவளோடு தினமும் ஒரே பஸ்ஸில் வந்துபோனவள்.

இது எனக்குத் தெரியாத கதை இல்லை. கல்யாணமான புதிதில் அவளே சொல்லியிருக்கிறாள். ஒரே தடவை சொன்னாள், நானும் கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு நாற்பது வருஷம் அவள் கை கதவின் கைப்பிடியில் இருந்ததை நானே கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். என் ஓட்டுதலுக்கு ஏற்பட்ட அவமானம் என்று மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு, ஒரு நாளாவது இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. இருபது வருஷமாகத் திறக்காத கதவோடு அவளை ஊரெல்லாம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். எத்தனை கதவு வேண்டும் என்று கேலி வேறு. அன்று கொட்டகையில் நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

மகனுக்குப் போன் போட்டேன். "எப்பா, அது பிள்ளைகளுக்கான பூட்டு. ஒங்க பேத்தி ஓடுற வண்டில கதவத் தொறந்திரக் கூடாதுன்னு நான்தான் போட்டுவச்சேன், எடுக்க மறந்துட்டேன். கதவத் தொறந்தா ஓரத்துல ஒரு சின்ன நெம்பி இருக்கும், அதக் கீழ தள்ளிவிடுங்க" என்றான். தானாகப் பூட்டிக்கொள்வதையும் நிறுத்த வேண்டும் என்றேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. "ஓடும்போது பூட்டியிருந்தாத்தான்ப்பா பாதுகாப்பு."

போன் சத்தமாகவே கேட்டது. இவள் குனிந்து அதனிடம் சொன்னாள்: "பூட்டிக்கிட்டு உள்ள இருக்கிறதுக்குப் பேரு பாதுகாப்பா? ஏலே, எப்பிடி எடுக்கணும்னு அப்பாட்டச் சொல்லு."

வண்டி செய்தவனுக்குக் கதவு திறந்துவிடுமோ என்று பயம். எங்கள் ஊர்க்காரிக்கு அது திறக்காமல் போய்விடுமோ என்று பயம். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. மகன் திரையில் எங்கே தடவ வேண்டும் என்று வரிசையாகச் சொல்லச் சொல்ல நானும் தடவினேன். சீட் பெல்ட்டை மட்டும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று பேசி முடித்தோம். அது ஒரே அழுத்தில் கழன்றுவிடுகிறதா என்று ஏழெட்டுத் தடவை கழற்றிப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டாள்.

பிறகு அவள் செய்ததை நான் மறக்க மாட்டேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு சீட்டாக ஏறி உட்கார்ந்தாள். கதவை அடைத்தாள், உள்ளிருந்து திறந்தாள், இறங்கினாள். அடுத்த சீட்டுக்குப் போனாள். நான்கையும் முடித்துவிட்டு, "கொஞ்ச தூரம் ஓட்டுங்க" என்றாள். தெரு முனை வரைக்கும் ஓட்டி நிறுத்தினேன். பின்னால் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. இறங்கி நின்று, "சரி, இதுலயே போவோம்" என்றாள்.

சொன்ன தேதியில், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஊசி போட்டு இடது கண்ணில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். திரும்புகையில் கப்பலூர் தாண்டும்வரை ஏதோ பேசிக்கொண்டு வந்தாள். அப்புறம் பேச்சில்லை. கண்ணாடியில் பார்த்தேன். பழைய தலையணையில் தலையைச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் மடியில் கிடந்தன. நாற்பது வருஷத்தில் நான் ஓட்டுகிற வண்டியில் அவள் தூங்கி அன்றுதான் பார்த்தேன். விருதுநகரில் பரோட்டா சாப்பிடலாம் என்று இருந்தேன். நிறுத்தினால் எழுந்துவிடுவாள் என்று பசியோடு நேரே வீட்டுக்கு ஓட்டிவந்தேன்.

மறுநாள் கறுப்பை மெக்கானிக்கிடம் விட்டேன். ரேடியேட்டர் அப்புறம் பார்க்கலாம், முதலில் இடது பின்கதவு திறக்க வேண்டும் என்றேன். "இருவது வருசமா இப்பிடித்தான கெடந்துச்சு அண்ணாச்சி, இப்ப என்ன திடீர்னு?" என்றான். வீட்டில் உத்தரவு என்றேன்.

அதற்கே ஒரு மாதம் ஆகிவிட்டது. அதற்குள் டாக்டர் கண்ணைப் பார்த்து, மங்கல் அதற்குமேல் போகவில்லை என்று சொல்லிவிட்டாள். நான்காவது வரியில் பாதியைக்கூட இவள் படித்தாள். கறுப்பு வந்து நின்றதும் கூப்பிட்டுக் காட்டினேன். இடது பக்கம் ஏறி உட்கார்ந்து, கதவை அடைத்து, உள்ளிருந்து திறந்தாள். லேசாகக் கிரீச்சிட்டாலும் திறந்தது. மறுபடியும் அடைத்தாள், மறுபடியும் திறந்தாள். இத்தனை வருஷம் செய்யாமல் விட்டது என் தப்புதான் என்று அவளிடம் சொன்னேன். "சரி, சரி. வண்டிய எடுங்க" என்றாள்.

பக்கத்தில்தான், நாரணாபுரம் ரோட்டில் ஒரு சுற்று. கறுப்பு இருமிக்கொண்டே போனது. ஒரு வளைவில், "அந்தா ஆடு குறுக்க வருது, பாத்து" என்றாள். எனக்கு முன்னால் அவள் பார்த்துவிட்டிருந்தாள். பிரேக் போட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால், கை கதவின் கைப்பிடியில் இருந்தது.

"நாலு கதவும்தான் தொறக்குதே. இப்ப எதுக்குப் பிடிச்சிட்டு இருக்க?" என்று கேட்டேன்.

"இது நீங்க ஓட்டுறதுக்கு" என்றாள்.